விளம்பர இசைக்கு ஒலிப்பதிவுக் கருவிகள்: தேர்ந்தெடுக்கும் முறை

முப்பது வினாடி நேரத்திற்குள் ஒரு செய்தியை இசையோடு சொல்லி, அதைக் கேட்போர் மனத்தில் தங்கவைப்பது எளிய செயலன்று. சோப்பு, பற்பசை போன்ற வாணிபப் பொருள்களின் விளம்பரமாயினும், தடுப்பூசி முகாம், பயிர்ப் பாதுகாப்பு, வெள்ள எச்சரிக்கை முதலிய பொதுநல அறிவிப்பாயினும், இசை செய்யும் பணி ஒன்றே. அது சொற்களைச் சுமந்து சென்று சேர்க்கும் வாகனம். வாகனம் எவ்வளவு அழகாக இருப்பினும், ஏற்றிய சரக்கு வழியில் சிதறிவிடுமாயின் பயனில்லை. ஒலிப்பதிவுக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்வுண்மையே நமக்கு அளவுகோலாக இருத்தல் வேண்டும்.

இந்திய நேயர்களுக்கு விளம்பர இசை முதலில் பெருமளவில் அறிமுகமானது இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு வாயிலாகவே. பற்பசை ஒன்றின் பெயரைத் தாங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி 1952இல் அங்குதான் தொடங்கிற்று. அகில இந்திய வானொலியின் விவித பாரதி 1957 அக்டோபர் 3 அன்று பிறந்தது. அதில் 1967 நவம்பர் 1 முதல் பம்பாய், பூனா, நாகபுரி ஆகிய நகரங்களில் விளம்பரங்கள் இடம்பெற்றன. தூர்தர்ஷனில் 1976 சனவரி 1 முதல் விளம்பரங்கள் வரலாயின. இத்துறையில் முன்னோடியான இசையமைப்பாளர் வன்ராஜ் பாட்டியா 6,000க்கும் மேற்பட்ட விளம்பர இசைத் துணுக்குகளை இயற்றியவர். ஏ. ஆர். ரகுமான், திரைப்படத்துக்கு இசையமைக்குமுன் விளம்பர இசையிலேயே தேர்ச்சி பெற்று, 1989இல் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டி ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டார்.

அக்காலத்தில் பெருஞ்செலவில் அமைந்த கூடங்களில் மட்டுமே இயன்ற பணி, இன்று ஒரு சிறிய அறையிலும் கணினியிலும் இயலும். 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006இல் தொண்டு நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் முதலியவற்றுக்கும் சமுதாய வானொலி நடத்தும் அனுமதி வழங்கப்பட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004 பிப்ரவரியிலும், இன்று தெலங்கானாவில் உள்ள பாஸ்தாபூரின் சங்கம் வானொலி 2008 அக்டோபரிலும் பணி தொடங்கின. இத்தகைய நிலையங்கள் மணிக்குச் சில நிமிடங்கள் விளம்பரம் ஒலிபரப்பவும் உரிமை பெற்றுள்ளன. ஆகவே வட்டார மொழியில், வட்டாரக் குரலில், உள்ளூர்த் தேவைக்கேற்ற விளம்பர இசையை அங்கங்கே ஆக்கிக்கொள்ளும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது. பள்ளி ஆசிரியரும் களப்பணியாளரும் இதில் ஈடுபடுகின்றனர். "எந்தக் கருவியை வாங்குவது?" என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. ஆனால், அதற்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

கேட்பவர் காதிலிருந்து தொடங்குக

நாம் ஆக்கும் இசையை யார், எங்கே, எதன் மூலம் கேட்கப்போகின்றனர்? இதுவே முதற் கேள்வி. பண்பலை வானொலி ஏறத்தாழ 15,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே ஏந்திச் செல்கிறது. மத்திய அலை ஒலிபரப்பில் இவ்வெல்லை இன்னும் மிகக் குறைவு. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி 200 அல்லது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட கனத்த ஒலிகளை ஏறக்குறையத் தருவதேயில்லை. தேநீர்க் கடையிலும், பேருந்திலும், அடுப்பங்கரையிலும் ஒலிக்கும் பெட்டியோடு சுற்றுப்புற இரைச்சலும் போட்டியிடும்.

மனிதச் செவி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கே மிகுந்த கூர்மையுடையது. பேச்சில் உயிரெழுத்துக்கள் வலிமையைத் தருகின்றன. சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்யெழுத்துக்களோ இந்த உயர் அதிர்வெண் பகுதியில் மெலிந்து நிற்கின்றன. 'கடை' என்பதையும் 'கதை' என்பதையும், 'பட்டு' என்பதையும் 'பத்து' என்பதையும் வேறுபடுத்துவது அம்மெல்லிய ஒலிகளே. அப்பகுதியில் சலங்கையோ தாளமோ ஓங்கி ஒலிக்குமாயின் சொல் மறைந்துபோகும். 'பத்தாம் தேதி முகாம்' என்பது 'எட்டாம் தேதி முகாம்' என்று காதில் விழுமாயின், கைக்குழந்தையுடன் வெகுதூரம் நடந்து வந்த தாய் பூட்டிய கதவைக் கண்டு திரும்ப நேரிடும். எனவே நாம் வாங்கும் ஒவ்வொரு கருவியும் சொல்லின் தெளிவுக்கு என்ன செய்கிறது என்று கேட்பதே முறை.

அறையே முதற் கருவி

ஒலிப்பதிவு என்பது ஒரு சங்கிலி. அறை, ஒலிவாங்கி, இணைப்புப் பெட்டி, கணினி, ஒலிபெருக்கி என அதன் கண்ணிகள் தொடர்கின்றன. முற்பட்ட கண்ணியில் புகுந்த குறையைப் பிற்பட்ட கண்ணியால் முற்றிலும் நீக்கவியலாது. அறையின் எதிர்முழக்கம் குரலோடு கலந்துவிட்டால், எத்தகைய கணினி நிரலாலும் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தல் அரிது.

இத்துறைக்கு அறிவியல் அடிப்படை அமைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சாபின். புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை என்னும் முறையீட்டை ஆராயுமாறு 1895இல் அவர் பணிக்கப்பட்டார். வேறொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, ஒலி தேய்ந்து மறைய ஆகும் நேரத்தை அவர் அளந்தார். அதன் பயனாகக் கிடைத்த விதி எளிமையானது. அறையின் கன அளவைக் கன மீட்டரில் கொண்டு 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த ஒலி உட்கவர்ச்சியால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் வினாடிகளில் கிடைக்கும். ஒவ்வொரு பரப்பின் அளவையும் அதன் உட்கவர் எண்ணால் பெருக்கிக் கூட்டுவதே மொத்த உட்கவர்ச்சியாகும்.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 36 கன மீட்டர். சுவர், தரை, கூரை ஆகியவற்றின் மொத்தப் பரப்பு 66 சதுர மீட்டர். சுண்ணம் பூசிய வெறுஞ்சுவரின் உட்கவர் எண் ஏறத்தாழ 0.03 எனக் கொண்டால் மொத்த உட்கவர்ச்சி 2 சதுர மீட்டரே. விதிப்படி எதிர்முழக்க நேரம் 2.9 வினாடி. குரல் பதிவுக்கு ஏற்றதோ 0.3 வினாடி அளவு. அதை அடைய 19 சதுர மீட்டருக்குச் சற்று மிகுதியான உட்கவர்ச்சி தேவை. உட்கவர் எண் 0.8 உள்ள தடித்த பொருளால் ஏறக்குறைய 22 சதுர மீட்டரை, அதாவது மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை, மூடினால் இது கைகூடும். அறையிலுள்ள மனிதர்களும் துணிமணிகளும் சிறிது உதவுவர்.

எந்தப் பொருளால் மூடுவது? முட்டை வைக்கும் அட்டைத் தட்டுகளையும் மெல்லிய நுரைத் தாள்களையும் ஒட்டுவது பலரது வழக்கம். அவற்றால் விளையும் நன்மை சிறிது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 சென்டிமீட்டர், 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 3.4 மீட்டர். மெல்லிய பொருள் குட்டையான அலைகளை மட்டும் விழுங்கி, நீண்ட அலைகளை அப்படியே விட்டுவிடும். விளைவு, குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல மந்தமாகக் கேட்கும். ஆகவே 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள கனிமப் பஞ்சுப் பலகைகளைத் துணியுறையிட்டு, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டுப் பொருத்துதல் நலம். வசதி குறைந்த இடத்தில் பஞ்சு மெத்தைகளும் தடித்த சமுக்காளங்களும் புத்தகம் நிறைந்த அலமாரியும் கைகொடுக்கும்.

இவை அறைக்குள் எழும் எதிர்முழக்கத்தை அடக்குமேயன்றி, தெருவின் இரைச்சலை உள்ளே வராமல் தடுக்கமாட்டா. அதைத் தடுப்பது சுவரின் பொருண்மையும் கதவு சன்னல்களின் இடுக்கில்லாத அடைப்புமே. சுவரின் எடை இருமடங்கானால் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபெல் கூடும். கட்டடத்தை மாற்ற இயலாதவர்கள் தெருவுக்கு அப்பாற்பட்ட உள்ளறையைத் தேர்ந்து, போக்குவரத்து ஓய்ந்த நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வதே சிக்கனமான வழி.

ஒலிவாங்கி

மைக் எனப்படும் ஒலிவாங்கிகளில் நமக்கு வேண்டியவை இரு வகை. இயங்குசுருள் ஒலிவாங்கியில், அதிர்தகட்டோடு இணைந்த கம்பிச்சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கிறது. இது உறுதியானது, ஈரத்தையும் அடியையும் ஓரளவு தாங்கும். மின்தேக்கி ஒலிவாங்கியில், மெல்லிய தகடு ஒன்று நிலைத்த தகட்டின் அருகே அதிர்வதால் மின்தேக்குதிறன் மாறுகிறது. இது நுட்பமான ஒலிகளையும் பற்றும். பெரும்பாலான இத்தகைய கருவிகளுக்கு 48 வோல்ட் மின்னழுத்தம் இணைப்புப் பெட்டியிலிருந்து வரவேண்டும்.

இயங்குசுருள் ஒலிவாங்கி சுற்றுப்புற இரைச்சலைத் தானாகவே விலக்கும் என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. இது சரியன்று. அதை வாயருகே வைத்துப் பேசுவதால் குரல் ஓங்கி, இரைச்சல் ஒப்பளவில் தாழ்கிறது, அவ்வளவே. தூரம் இருமடங்கானால் குரலின் நேரடி ஒலி 6 டெசிபெல் குறையும். அறையின் எதிர்முழக்கமோ குறைவதில்லை. எனவே எவ்வகை ஒலிவாங்கியாயினும் வாய்க்கும் அதற்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருத்தல் நன்று. மிக நெருங்கினால், ஒரு திசை ஒலிவாங்கிகளில் கீழ்க்குரல் அளவுக்கு மீறிக் கனத்துவிடும். 'ப' முதலிய எழுத்துக்களின் காற்று வெடிப்பும் பதிவாகும். ஒரு வளையத்தில் மெல்லிய துணியைக் கட்டி இடையே நிறுத்தினால் வெடிப்பு அடங்கும்.

அறை செப்பமாக இருப்பின் மின்தேக்கி வகையையும், செப்பமற்ற அறையிலும் வெளியிடங்களிலும் இயங்குசுருள் வகையையும் கொள்க. கடலோர ஊர்களில் மின்தேக்கி ஒலிவாங்கியைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும். ஈரம் ஏறிய தகட்டில் படபடவென்னும் ஓசை எழும்.

இணைப்புப் பெட்டியும் கணினியும்

ஒலிவாங்கியின் நலிந்த மின்குறியைப் பெருக்கி எண்களாக மாற்றும் சிறு கருவியே ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் இணைப்புப் பெட்டி. விற்பனையாளர்கள் இதில் பெரிய எண்களைக் காட்டி ஆசை மூட்டுவர். வினாடிக்கு 1,92,000 முறை மாதிரி எடுக்கும் என்பது அவற்றுள் ஒன்று. ஹாரி நைக்விஸ்ட், கிளாட் ஷானன் ஆகியோரின் ஆய்வுகளால் நிலைபெற்ற கொள்கைப்படி, எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதிக்கு உட்பட்ட அதிர்வெண்கள் யாவும் பழுதின்றிப் பதிவாகும். 48,000 மாதிரிகள் எடுத்தால் 24,000 ஹெர்ட்ஸுக்கு உட்பட்டவை பதிவாகும். செவியின் எல்லை 20,000. பண்பலையின் எல்லை 15,000. அதற்கு மேல் கொடுக்கும் விலை கேட்பவரைச் சென்று சேர்வதில்லை.

பிட் எண்ணிக்கையில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபெல் வீச்சைத் தரும். 16 பிட்டுக்கு 96 டெசிபெல். 24 பிட்டுக்குக் கணக்களவில் 144 டெசிபெல். அமைதியான அறையின் இரைச்சல் 30 டெசிபெல்லும் அருகிலிருந்து பாடும் குரல் 90 டெசிபெல்லும் இருப்பின், வேண்டிய வீச்சு 60 டெசிபெல்லே. எனினும் 24 பிட்டைக் கொள்வதில் ஒரு நன்மை உண்டு. உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழாகவே அளவை வைத்துப் பதியலாம். பாடகர் திடீரெனக் குரல் உயர்த்தினாலும் பதிவு சிதையாது.

உண்மையில் கவனிக்கவேண்டியவை வேறு. இயங்குசுருள் ஒலிவாங்கிக்கு 50 முதல் 60 டெசிபெல் வரை பெருக்கம் வேண்டும். அவ்வளவு பெருக்கியும் பெட்டி தானே இரைகிறதா என்று செவிப்பொறி அணிந்து கேட்டறிக. அடுத்தது தாமதம். கணினி 1,024 மாதிரிகளைச் சேர்த்து ஒரே தவணையாகக் கையாண்டால், 48,000 வேகத்தில் ஒரு வழிக்கு மட்டும் 21 மில்லி வினாடி தாமதம் ஏற்படும். அந்நேரத்தில் ஒலி காற்றில் 7 மீட்டர் சென்றுவிடும். பாடகர் தம் குரலை அறைக்கு அப்பால் நிற்கும் வேறொருவர் குரல் போலக் கேட்டுத் தாளம் தவறுவார். 128 மாதிரிகளாயின் தாமதம் 3 மில்லி வினாடிக்கும் குறைவு. கணினியின் வழியே செல்லாமல் குரலை நேரே செவிப்பொறிக்கு அனுப்பும் வசதியுள்ள பெட்டியாயின் இத்தொல்லையே இல்லை.

கணினியைப் பற்றி அதிகம் கவலை கொள்ளவேண்டா. 30 வினாடிப் பதிவு ஒரு தடத்துக்கு 4.3 மெகாபைட், இருபது தடங்களுக்கும் 86 மெகாபைட்டே. அடாசிட்டி, ஆர்டர் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் கிடைக்கின்றன. ஆனால் விசிறியின் ஓசை இல்லாத கணினியாயிருத்தல் நலம். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பதிவில் புகாதிருக்க, மும்முனைச் சமநிலைக் கம்பிகளைப் பயன்படுத்துக. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்செருகித் தொகுதியில் இணைக்க. ரீங்காரத்தைப் போக்க மின்செருகியின் புவி இணைப்பை அறுத்துவிடும் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது, ஒருபோதும் செய்யலாகாது.

இசையமைக்கும் கருவிகள்

இசைப்பலகையும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி என்னும் முறை 1983 முதல் வழக்கில் உள்ளது. இது ஒலியைப் பதிவதில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்னும் குறிப்பையே பதிகிறது. நம் இசையின் கமகங்களுக்குச் சுரத்தை வளைக்கும் சக்கரம் இன்றியமையாதது. ஆகவே அச்சக்கரமும், விரலின் அழுத்தத்தை உணரும் 49 அல்லது 61 கட்டைகளும் உள்ள பலகையைத் தேர்க.

இம்முறையின் பெரும் பயன் பல மொழிகளில் விளம்பரம் ஆக்கும்போது விளங்கும். மெட்டு ஒரு மொழியில் அமைக்கப்பட்டு, மற்ற மொழிச் சொற்கள் அதனுள் திணிக்கப்படுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளோர் இதன் இடர்ப்பாட்டை நன்கறிவர். இந்தியில் தடுப்பூசியை 'டீக்கா' என்பர். இரண்டே அசை, இரண்டும் நெடில். தமிழில் 'தடுப்பூசி' என்னும்போது நான்கு எழுத்தோசைகள் வருகின்றன. இரு சுரங்களில் அவற்றை அடக்கினால் 'பூ' குறிலாகக் குறுகிச் சொல் சிதையும். பொருள் விளங்காத சொல்லைக் கேட்ட கிராமத்தார், அவ்விளம்பரம் தமக்கானது அன்று என்று ஒதுக்கிவிடுவர்.

இசை மிடிக் குறிப்பாக இருக்குமாயின், ஒலியின் தரம் கெடாமல் வேகத்தை மாற்றலாம். ஒரு தாள வட்டத்தைக் கூட்டலாம். சுரத்தைப் பிரித்து அமைக்கலாம். குரல், தாளம், பின்னணி ஒவ்வொன்றையும் தனித்தனித் தடமாகச் சேமித்து வைப்பதும் இதன்பொருட்டே. பல தடங்களைக் கையாளாத மென்பொருளை விலக்குக.

நேரக் கணக்கையும் முன்னரே செய்துகொள்ளல் வேண்டும். நிமிடத்துக்கு 96 அடிகள் என வேகத்தை வைத்தால், 10 வினாடிக்கு 16, 20 வினாடிக்கு 32, 30 வினாடிக்கு 48 அடிகள் வரும். எட்டு அட்சர ஆதி தாளத்தில் இவை முறையே இரண்டு, நான்கு, ஆறு ஆவர்த்தனங்களாக மிச்சமின்றி முடியும். ஒரே மெட்டை மூன்று அளவுகளிலும் வெட்டிப் பயன்படுத்த இது வசதி. முடிவில் அரை வினாடி ஓய்ந்து அடங்க இடம் விடுக. திரைப்பாடல் மெட்டுக்களை உரிமையாளரின் அனுமதியின்றி எடுத்தாள்வதைப் பதிப்புரிமைச் சட்டம், 1957 அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

சரிபார்க்கும் கருவிகள்

ஆக்கிய இசையை மதிப்பிட, 13 சென்டிமீட்டர் அளவுள்ள கூம்புகளைக் கொண்ட ஓர் இணை ஒலிபெருக்கி சிறிய அறைக்குப் போதும். இரண்டு பெட்டிகளும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையட்டும். பாடகருக்கு மூடிய வகைச் செவிப்பொறி தேவை. இல்லையேல் அதிலிருந்து கசியும் ஒலியை ஒலிவாங்கி பற்றிக்கொள்ளும். இவற்றோடு ஒரு மலிவான வானொலிப் பெட்டியும் சாதாரணக் கைப்பேசியும் மேசைமீது இருத்தல் கட்டாயம். கேட்போர் கையில் இருப்பவை அவையே. கூடத்தில் கம்பீரமாக ஒலித்த மிருதங்கத்தின் தொப்பி கைப்பேசியில் காணாமற் போகலாம். அப்போது அதன் மேலிசைகளைச் சற்று உயர்த்தினால், செவி விட்டுப்போன அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

வாங்கும் வரிசையும் ஒரு சோதனையும்

தொகையைப் பத்துப் பங்காகக் கொண்டால், மூன்று பங்கு அறைக்கும், இரண்டு பங்கு ஒலிவாங்கிக்கும் அதன் தாங்கி, கம்பிகளுக்கும், இரண்டு பங்கு ஒலிபெருக்கிக்கும் செவிப்பொறிக்கும், எஞ்சிய மூன்று பங்கு இணைப்புப் பெட்டி, இசைப்பலகை, மின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் ஒதுக்கலாம். கணினி பெரும்பாலும் முன்னமே இருக்கும். விலைப்புள்ளி கோரும்போது நிறுவனப் பெயரைக் குறிக்காமல், பெருக்கம் இத்தனை டெசிபெல், 48 வோல்ட் வசதி, நேரடிக் கேட்பு வசதி, பழுதுபார்க்கும் நிலையம் அருகில் உள்ளமை எனத் தேவைகளை எழுதுக.

வாங்குமுன் ஒரு சோதனை செய்தல் தகும். ஊர்ப் பெயர், நாள், தொகை போன்ற இருபது சொற்களை எழுதி, உத்தேசித்த அறையில், உத்தேசித்த ஒலிவாங்கியில், மென்மையான பின்னணி இசையுடன் பதிவு செய்க. அவற்றை முன்பின் கேட்டறியாத மாணவர் பத்துப்பேருக்கு, ஓசை மிகுந்த இடத்தில், கைப்பேசி வழியாக ஒலித்துக் காட்டிச் சொற்களை எழுதச் செய்க. பிழைகளை எண்ணுக. பிறகு அறையில் மெத்தைகளைத் தொங்கவிட்டு அதே சொற்களை வேறு வரிசையில் பதிந்து மீண்டும் சோதிக்க. அடுத்து ஒலிவாங்கியை மாற்றிப் பார்க்க. எந்த மாற்றத்தால் பிழை மிகுதியாகக் குறைகிறதோ, அதற்கே முதற் செலவு. வகுப்பறையில் இதை நடத்துவோர்க்கு ஒலியியல் பாடமும் உடன் நடந்ததாகும்.

கருவிகள் ஆண்டுதோறும் மாறும், விலைகளும் மாறும். செவியின் இயல்பும், காற்றில் ஒலியின் நடையும், தாய்மொழிச் சொல்லின் அளவும் மாறுவதில்லை. மாறாத இம்மூன்றையும் அறிந்து வாங்குவோரின் பணம் வீணாகாது. அவர்கள் சொல்லும் செய்தியும் கேட்போர் வீட்டு வாசலைச் சென்றடையும்.